மாதாந்தரப் புதுப் பாட்டுப் பட்டியல்: பாப், டான்ஸ் பாடல்களைத் தேர்ந்தெடுப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதம் முடிந்ததும் "இந்த மாதம் பிடித்த புதுப் பாட்டுகள்" என்று பட்டியல் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. வெளிநாட்டுப் பாப், ஹவுஸ், டெக்னோ, தென்னாப்பிரிக்க அமாபியானோ போன்ற டான்ஸ் இசை கேட்பவர்கள் அப்படிப் பட்டியல் போட உட்காரும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரு பாட்டு முதல் தடவை மயக்குவது பெரிய விஷயமில்லை. மூன்றாவது வாரமும் கை தானாக அதைத் தேடிப் போகிறதா என்பதே பட்டியலுக்குள் வருவதற்கான தகுதி. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அதைக் கண்டுபிடிக்கும் வழிகள்தான்.

புதுப் பாட்டு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வரும்?

வெள்ளிக்கிழமை. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்க வெள்ளிதான் வெளியீட்டு நாள். அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய், ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் வெள்ளி என்று நாட்டுக்கு ஒரு கிழமை இருந்தது. ஓரிடத்தில் வந்த பாட்டு இன்னோரிடத்தில் வருவதற்குள் திருட்டு நகல் பரவிவிடும். அதனால்தான் கிழமையை ஒன்றாக்கினார்கள்.

பெரும்பாலான பாடல்கள் அந்தந்த நாட்டு நள்ளிரவில் வரும். சில பாடல்கள் நியூயார்க் நள்ளிரவில் எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் திறக்கப்படும். இந்தியாவிலும் இலங்கையிலும் அது வெள்ளி காலை 9:30 மணி; அமெரிக்கக் குளிர்காலக் கணக்கில் 10:30. கொரியப் பாப்பில் கொரிய நேரம் மதியம் 1 மணியும் மாலை 6 மணியும் வழக்கம். நமக்கு அது காலை 9:30, பிற்பகல் 2:30. ஆகவே வியாழன் நள்ளிரவில் தேடிவிட்டு "வரவில்லையே" என்று விட்டுவிடாமல், வெள்ளி மாலை ஒரு தடவை பாருங்கள்.

30ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்த பாட்டு எந்த மாதக் கணக்கு?

அடுத்த மாதத்தில் சேருங்கள். மாதத்தின் கடைசி வெள்ளியில் வந்தவற்றை எப்போதும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவது நல்ல விதி. அப்போது பட்டியலில் உள்ள எந்தப் பாட்டுக்கும் குறைந்தது ஒரு வாரமாவது கேட்கும் காலம் கிடைக்கும். ஒரே நாள் கேட்டுவிட்டுச் சேர்த்த பாட்டுதான் பிறகு பட்டியலைப் பார்க்கும்போது "இதை ஏன் போட்டோம்?" என்று கேட்க வைக்கும்.

எத்தனை பாட்டு கேட்டு, எத்தனை எடுப்பது?

வெள்ளிக்கு 60 முதல் 80 பாட்டு மேலோட்டமாக, அதிலிருந்து 15 முழுதாக, அதிலிருந்து 4 அல்லது 5 குறித்து வைப்பது என்பது ஒருவரால் தாங்கக்கூடிய அளவு. மாதக் கடைசியில் கையில் 20 இருக்கும். அதை 12 ஆக்குங்கள். 12 பாட்டு என்றால் ஏறக்குறைய 40 நிமிடம், ஒரே மூச்சில் கேட்கலாம். 50 பாட்டுப் பட்டியலை யாரும், போட்டவர்கூட, முழுதாகக் கேட்பதில்லை.

மேலோட்டமாகக் கேட்பதிலும் ஒரு முறை வேண்டும். பாப் பாட்டென்றால் முதல் ஒரு நிமிடம் போதும். அதற்குள் பல்லவி, அதாவது கோரஸ், வந்துவிடும். டான்ஸ் பாட்டை அப்படி எடை போடக் கூடாது. டிஜே ஒரு பாட்டோடு இன்னொன்றைக் கலக்குவதற்கு வசதியாக, எக்ஸ்டென்டட் மிக்ஸ் என்னும் நீண்ட வடிவம் வெறும் கிக் (ஆழ்ந்த அடித்தளத் தட்டு), ஹைஹேட் (கூரிய சின்னத் தட்டொலி) மட்டும் வைத்துத் தொடங்கும். கணக்கு எளிது: 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி) வேகத்தில் நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தம் 1.875 வினாடி. 16 ஆவர்த்தம் 30 வினாடி, 32 ஆவர்த்தம் சரியாக ஒரு நிமிடம். முன்னுரையே ஒரு நிமிடம் ஓடும் பாட்டை 30 வினாடியில் தள்ளிவிட்டால் பாட்டையே கேட்கவில்லை என்று அர்த்தம். 1:00, 2:00, 3:00 என்று நிமிடத்துக்கு ஓரிடமாகத் தொட்டுப் பாருங்கள். முதல் டிராப், அதாவது ஏற்றத்துக்குப் பிறகு தாளம் முழுப் பலத்தோடு இறங்கும் இடம், எங்கே விழுகிறது என்று பிடிபடும். அங்கிருந்து 30 வினாடி பின்னால் போய்க் கேளுங்கள். டிராப்பின் பலம் அதற்கு முந்தைய ஏற்றத்தில்தான் இருக்கிறது.

எங்கே தேடுவது? செயலி காட்டுவதே போதாதா?

ஸ்பாட்டிஃபையில் வெள்ளிதோறும் புதுப்பிக்கப்படும் ரிலீஸ் ரேடார் நீங்கள் பின்தொடரும் கலைஞர்களை முன்னே வைக்கும். திங்கள்தோறும் வரும் டிஸ்கவர் வீக்லி வேறு. அது நீங்கள் கேட்காத பாட்டைத் தரும், புதுப் பாட்டை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பத்து வருடப் பழைய பாட்டைப் "புதுசு" என்று போட்டவர்கள் நிறைய.

பாடகரைப் பின்தொடர்வதைவிடத் தயாரிப்பாளரையும் பாடலாசிரியரையும் பின்தொடர்வது அதிக பலன் தரும். பிடித்த பாட்டின் கிரெடிட்ஸ் பக்கத்தைத் திறந்து, இசைத் தயாரிப்பு யார் என்று பாருங்கள். பாப்பில் ஒரே ஆள் பத்துப் பாடகர்களுக்கு வேலை செய்வார். அந்தப் பெயர் வழியாகப் போனால் உங்கள் காதுக்கு ஏற்ற ஒலி திரும்பத் திரும்பக் கிடைக்கும். டான்ஸ் இசையில் லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனம்தான் வழிகாட்டி. பாட்டு விற்கும் தளங்களான பீட்போர்ட்டில் லேபிள் பக்கத்தையும் பேண்ட்கேம்ப்பில் லேபிள் கணக்கையும் பின்தொடருங்கள். மூன்று லேபிள் போதும். முப்பது வைத்தால் மின்னஞ்சல்தான் நிறையும்.

முதல் தடவை மயக்கிய பாட்டு பத்து நாளில் சலித்துவிடுகிறது. ஏன்?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது, ஒலியின் உரப்பு. இரண்டு பாட்டில் ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதை "நன்றாக இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளும். ஒப்பிடும்போது செயலியில் ஒலிச் சமன் வசதியைப் போட்டே வைத்திருங்கள். ஸ்பாட்டிஃபை அதைச் சாதாரண அமைப்பில் -14 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்கும், ஆப்பிள் மியூசிக் -16க்கும் கொண்டுவருகிறது. இரண்டு செயலியில் மாறிமாறிக் கேட்டு ஒப்பிட்டால் இந்த 2 அளவு வித்தியாசமே தீர்ப்பை மாற்றிவிடும்.

இரண்டாவது, கடன் வாங்கிய மெட்டு. பழைய ஹிட்டின் வரியையோ பேஸ் (ஆழ்ந்த கீழ் ஒலி) ஓட்டத்தையோ எடுத்துப் புதுப் பாட்டில் வைப்பது இப்போது மிகச் சாதாரணம். பதிவையே வெட்டி எடுத்தால் சாம்பிள். மெட்டை மட்டும் திரும்பப் பாடினால், வாசித்தால் இன்டர்பொலேஷன். முதல் கேட்பில் உங்களைத் தொட்டது உங்கள் நினைவு; புதுப் பாட்டுக்கு அதில் பங்கு எவ்வளவு என்பது பிறகுதான் தெரியும். கிரெடிட்ஸில் சம்பந்தமில்லாத தலைமுறையைச் சேர்ந்த பாடலாசிரியர் பெயர்கள் நான்கைந்து இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கடன் வாங்கியது குற்றமல்ல. டிஸ்கோவின் மீதுதான் ஹவுஸே எழுந்தது. 1977இல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் கலக்கத் தொடங்கியதில் பிறந்த ஓட்டம் அது. கடன் வாங்கியதன் மேல் புதிதாக என்ன கட்டியிருக்கிறார்கள் என்பதே பார்க்க வேண்டியது.

மூன்றாவது, திடுக்கிடல். எதிர்பாராத இடத்தில் மௌனம், திடீரென மாறும் வேகம், குரலை நொறுக்கும் எஃபெக்ட். இவை முதல் தடவை மட்டும் வேலை செய்யும் சரக்கு.

சோதனை இப்படி: வீடியோவை மூடிவிட்டுக் கேளுங்கள். ஒலியைப் பேச்சுச் சத்தத்துக்கும் கீழே இறக்கிக் கேளுங்கள். மெட்டும் தாளமும் பலமானவை என்றால் அப்போதும் கால் ஆடும். பிறகு ஏழு நாள் தொடாமல் வைத்துவிட்டு, இரண்டாம் சரணத்திலிருந்து போடுங்கள். பல பாட்டில் முதல் கோரஸ் வரைதான் உழைப்பு இருக்கும். இரண்டாம் சரணம் பழையதை நகலெடுத்து ஒட்டியதாக இருக்கும். நல்ல பாட்டில் இரண்டாம் சரணத்தில் பேஸ் மாறும், ஒரு புதுத் தட்டொலி சேரும், குரலுக்கு எதிர்க்குரல் வரும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்கலாமா?

பாப் பாட்டுக்கு ஓரளவு சரி. டான்ஸ் பாட்டுக்குக் கூடாது. ஹவுஸ் கிக்கின் அடித்தளம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது; போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அமாபியானோவில் பாட்டைச் சுமப்பதே லாக் டிரம் என்னும் ஆழ்ந்த பேஸ் தட்டு. அது கேட்காவிட்டால் மீதி இருப்பது ஷேக்கரும் பியானோவும்தான். காதுக்குள் அடைத்துக்கொள்ளும் சாதாரண வயர் இயர்போனே போதும். ஆனால் ரப்பர் முனை காதுக்கு அளவாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் முதலில் ஓடிப்போவது பேஸ்தான்.

பிபிஎம் எப்படி எண்ணுவது?

கிக் அடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 31 எண்ணினால் 124. ஓர் அடி தவறினால் விடையில் 4 கூடும், குறையும்; துல்லியம் வேண்டுமென்றால் 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இணையத்தில் கிடைக்கும் எண்கள் சில வேளை பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருக்கும். டிரம் அண்ட் பேஸ் பாட்டு 174 என்றால் மென்பொருள் அதை 87 என்று காட்டும். தலை எந்த வேகத்தில் ஆடுகிறதோ அதை நம்புங்கள்.

நினைவில் வைக்க: ரெகேடான் 88 முதல் 100, அமாபியானோ 110 முதல் 115, ஹவுஸ் 120 முதல் 128, பிரிட்டிஷ் கராஜ் 130ஐ ஒட்டி, டெக்னோவும் டிரான்ஸும் 130க்கு மேல், டிரம் அண்ட் பேஸ் 170 முதல் 176. பாப்புக்கு இப்படி எல்லை கிடையாது.

பட்டியல் நடுவில் ஒரு குத்துப் பாட்டைச் சேர்த்தால் இடறுகிறது. வேகம் ஒன்றாக இருந்தும் ஏன்?

இடறுவது நடையால். ஹவுஸும் பெரும்பாலான பாப்பும் சதுஸ்ர நடை. ஓர் அடிக்குள் நான்கு பங்கு. டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடை. ஓர் அடிக்குள் மூன்று பங்கு. பிபிஎம் எண் ஒன்றாகவே இருந்தாலும் உடம்பு நான்கில் ஆடிக்கொண்டிருக்கும்போது மூன்று வந்தால் கால் தடுக்கத்தான் செய்யும். இரண்டுக்கும் இடையே பாலம் போட வேண்டும். ஸ்விங் உள்ள கராஜ் பாட்டு நல்ல பாலம். அதன் சின்னத் தட்டுகள் சமமாக விழாமல் மூன்றின் பக்கம் சாய்ந்திருக்கும். அப்படி ஒன்று கையில் இல்லையென்றால், தாளமே இல்லாமல் குரலோடு தொடங்கும் பாட்டை இடையில் வைத்து, கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டு தேயும்போதே அடுத்தது அதன்மேல் ஏறும் வசதி) அணைத்துவிடுங்கள்.

வரிசை எப்படி அமைப்பது?

பிடித்தது முதலில், மற்றது பின்னால் என்று அடுக்கினால் நான்காம் பாட்டுக்குப் பிறகு பட்டியல் சரியும். வேகத்தை மெல்ல ஏற்றுங்கள்: 112, 118, 122, 124, 126, 128. அடுத்தடுத்த இரண்டு பாட்டுக்கு இடையே ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் வேக வித்தியாசம் வந்தால் காது கவனித்துவிடும். 128இலிருந்து 100க்கு இறங்க வேண்டுமென்றால் முடிவு மெல்லத் தேயும் பாட்டை அதற்கு முன்னால் வையுங்கள். 174 உள்ள பாட்டுக்கு முன்னால் 87 பக்கம் ஓடும் பாட்டை வைத்தால் இரட்டை வேகம் இயல்பாகப் பொருந்தும்.

ஸ்பாட்டிஃபையில் கிராஸ்ஃபேட் 12 வினாடி வரை வைக்கலாம். ஹவுஸ் பாடல்களுக்கு 6 முதல் 8 நன்றாக இருக்கும். பாப்புக்கு 2 அல்லது பூஜ்யம். கடைசிச் சொல்லோடு முடியும் பாட்டின் மேல் அடுத்த பாட்டு ஏறினால் அந்தச் சொல் வீணாகிவிடும். குரல்கள் உரசினால் சுருதிப் பொருத்தம் பார்க்க வேண்டும். டிஜேக்கள் பயன்படுத்தும், சுருதிகளுக்கு எண் கொடுக்கும் கேமலாட் சக்கரத்தில் ஏ மைனர் 8ஏ, சி மேஜர் 8பி. ஒரே எண்ணும், அதே எழுத்தில் அடுத்தடுத்த எண்ணும் சேரும்.

ஒரே பாட்டுக்கு ஐந்து வடிவம் இருக்கிறது. எதைச் சேர்ப்பது?

இயர்போனில் கேட்கும் பட்டியலுக்கு ரேடியோ எடிட், மூன்று நிமிடம். ஆடும் பட்டியலுக்கு எக்ஸ்டென்டட், ஐந்து முதல் ஏழு நிமிடம். டப் என்றால் குரல் பெரும்பாலும் நீக்கப்பட்டது. விஐபி என்றால் பாட்டை உருவாக்கியவரே மறுபடி அமைத்தது. பல வேளை அசலைவிட அதுதான் கூர்மை.

வேகம் கூட்டிய வடிவங்களை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சுருதியைத் திருத்தாமல் வேகத்தை 6 சதவீதம் கூட்டினால் குரல் ஏறக்குறைய அரைச் சுரம் மேலே போகும். 20 சதவீதத்தில் மூன்று அரைச் சுரம். பாடகர் பாடிய உணர்ச்சி அதில் மிஞ்சாது.

பழைய பாட்டு திடீரென எல்லா இடத்திலும் ஒலிக்கிறது. அதைப் போடலாமா?

தனிப் பகுதியில் போடுங்கள். 1985இல் வந்த கேட் புஷ் பாட்டு ஒன்று, தொலைக்காட்சித் தொடரில் இடம்பெற்றதால் 2022 ஜூனில் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த மாதத்தின் பெரிய பாட்டு அது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புதுப் பாட்டு இல்லை.

வெளியீட்டுத் தேதியைச் செயலி தப்பாகக் காட்டுகிறதே?

மறுவெளியீடு, டீலக்ஸ் ஆல்பம், தொகுப்பு ஆகியவற்றில் பழைய பாட்டுக்கும் புதுத் தேதி விழும். டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெயின்ஸ் ஆகிய இரு தளங்களிலும் முதல் வெளியீட்டைப் பாருங்கள். ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் தனி அடையாளக் குறியீடு) தெரிந்தால் இன்னும் நல்லது. 12 எழுத்து கொண்ட அந்தக் குறியீட்டில் 6, 7ஆம் இடங்கள் எண் வழங்கிய வருடம். இந்த வருடப் பாட்டில் அங்கே 14 என்று இருந்தால் மேலும் விசாரியுங்கள். ரேடியோ எடிட்டுக்கும் எக்ஸ்டென்டட்டுக்கும் எண் வேறு வேறு.

பாப் பாட்டா, டான்ஸ் பாட்டா என்று எப்படிப் பிரிப்பது?

அமெரிக்காவில் ஹிட் பட்டியல் போடும் பில்போர்டே இதில் திணறி, 2025 ஜனவரியில் டான்ஸ் அடிப்படையில் பாப் பாடகர்கள் பாடுபவற்றுக்குத் தனிப் பட்டியல் தொடங்கியது. நடைமுறையில் ஒரு கேள்வி உதவும்: குரலை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? நின்றால் டான்ஸ். குரல் போனதும் சரிந்தால் பாப்.

அதிகாரபூர்வ ஹிட் பட்டியலும் என் பட்டியலும் ஒத்துப்போகவே இல்லை. தப்பு என்னிடமா?

இல்லை. ஹிட் பட்டியல் அளப்பது எத்தனை தடவை ஓடியது, எத்தனை விற்றது என்பதை. பிரிட்டனில் 2018 ஜூலை முதல் கட்டணச் சந்தாவில் 100 தடவை ஓடினால் ஒரு விற்பனை என்று கணக்கு, இலவசக் கணக்கில் 600 தடவை. 2017 முதல் ஒரு முதன்மைக் கலைஞருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இடமில்லை; ஓர் ஆல்பம் வந்ததும் அதன் எல்லாப் பாட்டும் மேலே ஏறிவிடுவதைத் தடுக்க வந்த விதி. அந்த விதியை உங்கள் பட்டியலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டால் தேர்வு தானாகக் கூர்மையாகும்.

டிஜே செட்டில் கேட்ட பாட்டை, பாட்டின் பெயர் சொல்லும் ஷாஸாம் செயலி பிடிக்கவில்லை.

டிஜே வேகத்தை மாற்றியிருப்பார், அல்லது இரண்டு பாட்டு ஒன்றின் மேல் ஒன்று ஓடியிருக்கும், அல்லது அந்தப் பாட்டு இன்னும் வெளியாகியே இருக்காது. கலக்கும் இடத்தைத் தவிர்த்து, ஒரே பாட்டு தனியாக ஓடும் நடுப்பகுதியில் மறுபடி முயலுங்கள். முடியாவிட்டால் 1001டிராக்லிஸ்ட்ஸ் தளத்தில் அந்த செட்டின் பெயரைத் தேடி, நிமிடக் கணக்கோடு பாருங்கள். அங்கே "ஐடி" என்று மட்டும் இருந்தால் வெளிவராத பாட்டு. குறித்து வையுங்கள், பல மாதம் கழித்துக்கூட வரும்.

பாட்டைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும். "செம பாட்டு" தவிர ஒன்றும் வரவில்லை.

நிமிடத்தைக் குறியுங்கள், கேட்டதைச் சொல்லுங்கள். பாட்டில் எந்த வினாடி உங்களைப் பிடித்தது? அங்கே எது சேர்ந்தது, எது நின்றது? மாதிரிக்கு ஒன்று:

"122 பிபிஎம், 3:20. முதல் 40 வினாடி கிக் இல்லை, கைதட்டலும் குரலும் மட்டும். 0:41இல் பேஸ் வரும்போதுதான் அதுவரை கேட்டது தாளம் இல்லாத பாட்டல்ல, தாளத்தை மறைத்த பாட்டு என்று புரிகிறது. 2:10இல் கோரஸை மூன்றாம் தடவை பாடாமல் விட்டுவிடுகிறார். கேட்பவர் பாடிக்கொள்ள வேண்டிய இடம்."

இதைப் படிப்பவருக்குப் பாட்டைக் கேட்கத் தோன்றும்.

கணினியே உருவாக்கிய பாட்டு பட்டியலில் நுழைந்துவிடுமோ?

நுழையக்கூடும். 2025இல் டீசர் (Deezer) என்னும் இசைச் செயலி அப்படிப்பட்ட ஆல்பங்களுக்கு அடையாளம் போடத் தொடங்கியது. மற்ற பல இடங்களில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். கிரெடிட்ஸில் பாடகர் பெயர் தவிர வேறு யாரும் இல்லை, சில மாதத்துக்குள் நாலைந்து ஆல்பம், மேடை நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் விலகுங்கள்.

இவ்வளவு கேட்டால் டேட்டா என்னாவது? காது என்னாவது?

மணிக்கு, 96 கேபிபிஎஸ் தரத்தில் 43 எம்பி, 160இல் 72 எம்பி, 320இல் 144 எம்பி. மேலோட்டமாகக் கேட்க 96 போதும். இறுதித் தேர்வுக்கு 320 வையுங்கள்; தரம் குறைந்தால் முதலில் கெடுவது ஹைஹேட், கைதட்டல் போன்ற கூரிய ஒலிகள்.

காதுக்கு உலக சுகாதார அமைப்பின் அளவு, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5. பேருந்துச் சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டிக் கேட்பவர்கள் வாரக் கணக்கை இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுகிறார்கள். புதுப் பாட்டைப் பயணத்தில் எடை போடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

பிடித்த பாட்டுக்குக் காசு போய்ச் சேர வேண்டும். எப்படி?

ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி தாண்டினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 தடவைகூட ஓடாத பாட்டுக்குப் பங்கே கிடையாது. சின்னக் கலைஞர் என்றால் பேண்ட்கேம்ப்பில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம். 2020 மார்ச்சில் தொடங்கிய பேண்ட்கேம்ப் வெள்ளிகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். எந்தெந்த வெள்ளி என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பட்டியலில் இரண்டு பாட்டு மங்கலாகி, ஓட மறுக்கிறது.

உரிமை கைமாறினாலோ, சாம்பிளுக்கு அனுமதி கிடைக்காவிட்டாலோ, ஆல்பத்துக்காகத் தனிப்பாட்டை எடுத்துவிட்டாலோ இப்படி ஆகும். முதலில் அதே பெயரை ஆல்பத்துக்குள் தேடுங்கள்; பல வேளை அங்கே இருக்கும். நீளத்தை ஒப்பிடுங்கள், 10 வினாடிக்கு மேல் வேறுபட்டால் அது வேறு வடிவம். இதற்காகவே ஒவ்வொரு மாதமும் பட்டியலைச் செயலிக்கு வெளியே ஓர் எழுத்துக் கோப்பிலும் வையுங்கள்: கலைஞர், பாட்டு, வடிவம், நீளம், லேபிள், வெளியான நாள். செயலி மாறினாலும் அந்த ஆறு விவரத்தை வைத்து எந்தப் பாட்டையும் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.